தெள்ளு வரைபடம்

நான்கு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்கப் போனார் அவர். நாலடிதான் நடந்திருப்பார். கணுக்காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால், கால்சட்டையின் ஓரத்தில் எள்ளைச் சிந்தினாற்போல் ஏழெட்டுப் புள்ளிகள். தட்டிவிடக் கையைக் கொண்டுபோனதும் ஒன்றைக்கூடக் காணோம். எள்ளுக்குக் கால் முளைத்துக் குதிக்கும் என்று அவர் கேள்விப்பட்டதில்லை.

ஜன்னலுக்கும் பெட்டிக்கும் இடையே இன்னொரு முறை நடந்தார். இப்போது இரண்டு காலிலும் முழங்கால் வரை எள். மனிதர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்றுகொண்டு, கடன்காரன் வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் தன் வீட்டையே எட்டிப் பார்த்தார்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்தவர். அங்கே அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், ஆனால் அவருக்குத் தெரியும். மனைவி மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து போய்ச் சேர்ந்தபோது ஓய்வுபெற இரண்டே மாதம் பாக்கி இருந்தது. அதை விடுப்பில் கழித்துவிட்டுத் தம்பி வீட்டில் போய் இருந்தார். இப்போது திரும்பி வந்ததற்குக் காரணம், மகள் வருகிறாள். ஏழாம் மாத வயிற்றோடு அம்மாவை வழியனுப்ப வந்துபோனவள், பிறந்து இரண்டு மாதமான பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் சனிக்கிழமை வருகிறாள். பேத்தியை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அன்று ஞாயிறு. கையில் ஆறு நாள் இருந்தது.

"யாரு, சாரா? எப்ப வந்தீங்க?"

மேல்வீட்டுப் பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சலவை நிலையத்தில் வேலை. அவள் நடந்து வந்தால் சூடான துணியின் வாசனை முன்னால் வரும். மனைவியை அக்கா என்பாள், அவரை மட்டும் சார் என்பாள்.

"வீடு முழுக்க ஏதோ பூச்சிம்மா. குதிக்குது, கடிக்குது."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். "தெள்ளுப்பூச்சி" என்றாள். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, "போர்வை, தலையணை உறை எல்லாத்தையும் கட்டிக் குடுங்க. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துத் தரேன்" என்று முடித்துக்கொண்டாள்.

"தெள்ளு நாய் பூனை இருக்கிற வீட்டுலதானே வரும்?"

"எனக்கென்ன சார் தெரியும்? நான் துணி துவைக்கிறவ" என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று இறங்கிப் போய்விட்டாள்.

நாய்க்கும் பூனைக்கும் அந்த வீட்டில் இடம் இருந்ததில்லை. கல்யாணமான முதல் வருடமே அவர் சொல்லிவிட்டார். பூனை இருந்தால் தனக்கு மூச்சு வாங்கும், தெருமுனையில் பூனை நின்றாலே தன் மூக்கு சொல்லிவிடும் என்றார். மனைவி "சரி" என்றாள். அவள் சரி என்று சொன்னால் அது முடிந்துபோன விஷயம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "மருந்து அடிக்கிறவங்களைக் கூப்பிடுங்கப்பா. குழந்தையைக் கூட்டிட்டு வரேன், விளையாட்டு இல்ல" என்றாள்.

"கூப்பிடலாம். எங்கிருந்து வருதுன்னு தெரியாம அடிச்சா மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாயிடும். முதல்ல பார்க்கிறேன்."

"என்ன பார்ப்பீங்க?"

"அளந்து பார்க்கிறேன்."

மறுமுனையில் மகள் பெருமூச்சு விட்டது கேட்டது.

திங்கட்கிழமை காலை விளையாட்டுச் சாமான் கடையில் முழங்கால் வரை வரும் வெள்ளைக் காலுறை நான்கு ஜோடி வாங்கினார். கால்பந்தா என்று கேட்ட கடைக்காரரிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சாக்கட்டியும் அடிக்கோலும் எடுத்து, மூன்று அறைத் தரையையும் இரண்டடிக்கு இரண்டடி கட்டங்களாகப் பிரித்தார். அறுபத்திரண்டு கட்டம் வந்தது. வெள்ளைக் காலுறையோடு ஒரு கட்டத்தில் போய் நிற்பார். பத்து முறை காலைத் தரையில் ஓங்கி மிதிப்பார். ஒரு நிமிடம் அசையாமல் இருப்பார். வெள்ளையில் கறுப்பு நன்றாகத் தெரியும். எண்ணிக்கொண்டு, ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து, வரைபடத் தாளில் அதே கட்டத்தில் ஒட்டிவிடுவார். பிறகு அடுத்த கட்டம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் என்றுதான் தோன்றியிருக்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் படம் முடிந்தது. தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பூச்சி வீடெல்லாம் பரவியிருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. படுக்கையறையில் மொத்தமே நான்கு. சமையலறையில் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே ஒன்பது. அங்கிருந்து கூடத்துக்கு ஒற்றையடிப் பாதை போட்டதுபோல் கட்டத்துக்கு மூன்று, நான்கு என்று ஒரே வரிசை. அந்த வரிசை போய்ச் சேர்ந்த கட்டத்தில் முப்பத்து நான்கு. ஒட்ட இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார்.

அந்தக் கட்டத்தில் இருந்தது அவருடைய சாய்வு நாற்காலி. வேறு யாரும் அதில் உட்காருவது அவருக்குப் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை படத்தைச் சுருட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார். இளம்பெண். காத்திருந்தவர்கள் எல்லோர் மடியிலும் ஏதாவது ஓர் உயிர் இருந்தது. இவர் மடியில் மட்டும் காகிதச் சுருள்.

"என்ன கொண்டாந்திருக்கீங்க சார்? நாயா, பூனையா?"

"ரெண்டும் இல்ல டாக்டர். வீடு."

அவர் மேசைமேல் படத்தை விரித்தார். மருத்துவர் படத்தின்மேல் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு பூச்சியை ஊசிமுனையால் நாடாவிலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்.

"வந்து பாருங்க. கன்னத்துல ஒரு வரிசை, கழுத்துல ஒரு வரிசை, சீப்புப் பல்லு மாதிரி முள்ளு தெரியுதா? பூனைத் தெள்ளு. நாய் மேலயும் இருக்கும்."

அவர் கண்ணை வைத்தார். பக்கவாட்டில் தட்டிவைத்தாற்போல ஒரு மெலிந்த உடம்பு, பின்னால் அதைவிட நீளமான கால்கள், அந்தச் சீப்பு. ரோமத்துக்குள் நுழைந்து போகிற உயிருக்கு இதைவிட நன்றாக யாராலும் வரைந்து கொடுக்க முடியாது என்று தோன்றியது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"எங்க வீட்டுல பூனையே கிடையாது டாக்டர். நாலு மாசம் வீடு பூட்டிக் கிடந்துச்சு. கடிக்க ஆளே இல்லாம இது எப்படி உயிரோட இருக்கும்?"

"அதுதான் இதோட சாமர்த்தியம். முட்டை, புழு, அப்புறம் கூடு. கூட்டுக்குள்ள போயிட்டா பசி தெரியாது. மாசக்கணக்குல சும்மா கிடக்கும். ஆள் நடக்கிற அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காத்து, இதுல ஏதாவது பட்டா ஆள் வந்தாச்சுன்னு வெளிய குதிச்சிடும். நீங்க கதவைத் திறந்து நாலடி வெச்சீங்க பாருங்க, அதுதான் அதுக்கு அலாரம்."

"அப்ப நான் வர்றதுக்காகக் காத்திருந்துச்சு."

"யாரோ ஒருத்தர் வர்றதுக்காக." மருத்துவர் அந்த முப்பத்து நான்கின்மேல் விரலை வைத்தார். "இங்க என்ன இருக்கு?"

"என் நாற்காலி."

"அதுக்கு அடியில இருக்கிற தூசியைக் கொஞ்சம் ஈர வெள்ளைத் தாள்ல கொட்டிப் பாருங்க. மண்ணுன்னா மண்ணாவே இருக்கும். கறுப்புத் துகள் கரைஞ்சு சிவப்பா ஊறினா, அது தெள்ளு குடிச்ச ரத்தத்தோட எச்சம். அதுக்கு மேல ஒரு பூனை படுத்திருக்குன்னு அர்த்தம். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. முட்டையெல்லாம் பூனை தூங்குற இடத்துலதான் உதிரும். இது வந்துபோன இடம் இல்ல சார், குடியிருந்த இடம்."

வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் நாற்காலியைப் புரட்டினார். ஈரத்தாளில் கொட்டிய தூசி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துருப்பிடித்த ஆணியைச் சுற்றி ஊறுவதுபோல் சிவந்தது. நாற்காலி மெத்தையின் தையலுக்குள் விரலை விட்டார். குட்டையான செம்பட்டை மயிர் கொத்தாக வந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். தும்மல் வருமென்று சற்று நேரம் காத்திருந்தார். வரவில்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாருடைய பூனை, எப்போது வந்தது, எப்படி வந்தது? பூட்டிய வீட்டுக்குள் வந்திருக்க முடியாது, பின்பக்க ஜன்னலைத் தானே சாத்திவிட்டுப் போனார். அப்படியானால் அதற்கு முன்னால். வீட்டில் பகல் முழுவதும் ஓர் ஆள் இருந்த நாட்களில்.

அந்த ஜன்னலைப் பற்றி நினைத்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. மருத்துவமனையில் மனைவி தினமும் அவரிடம் அதைத்தான் கேட்டாள். "பின்பக்க ஜன்னல் திறந்திருக்கா?" மழை உள்ளே அடிக்குமென்று கவலைப்படுகிறாள் என்று நினைத்து, "சாத்திட்டேன், நிம்மதியா இரு" என்று இவரும் தினமும் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலியென்று நினைத்தார்.

சமையலறைக்குப் போய் அந்த ஜன்னலைத் திறந்தார். கீழே ஓரடி அகலத்தில் மழைத்தடுப்பு. அதன் சிமெண்டில் நகம் கீறிய கோடுகள், நாள்பட்டு வழவழப்பாகிக் கிடந்தன. பக்கத்தில் தண்ணீர்க் குழாய். குழாயைச் சுற்றி யாரோ பழைய சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், ஏறுகிற காலுக்குப் பிடிப்பாக. முடிச்சைப் பார்த்தார். அவளுடைய முடிச்சு. பொட்டலம் கட்டினாலும் பூந்தொட்டி கட்டினாலும் இரண்டு சுற்று சுற்றி உள்ளே இழுப்பாள். கயிறு மேலே போனது, மேல்வீட்டு ஜன்னல் வரைக்கும்.

படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

கதவைத் திறந்த சலவைப் பெண் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வழியை விட்டு விலகினாள். மடித்து அடுக்கிய துணிமேட்டின் உச்சியில் செம்பட்டை நிறத்தில் ஒரு பெரிய கடுவன் பூனை படுத்திருந்தது. ஒரு காது நுனி கிழிந்திருந்தது. அது அவரைக் கண்டதும் எழுந்து, அவசரமில்லாமல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"எத்தனை வருஷமா?" என்றார்.

"ஆறு வருஷம் சார். உங்க பொண்ணு கல்யாணமாகிப் போன அடுத்த மழைக்கு வந்துச்சு."

"இந்தக் கட்டடத்துல யார் யாருக்குத் தெரியும்?"

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டாள். "உங்களைத் தவிர எல்லாருக்கும்."

அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடும்னு சொல்வாங்க. இங்க பூனை நல்லாத்தான் கண்ணைத் திறந்து வெச்சிருந்திருக்கு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கொஞ்சம் தைரியமும் வந்தது. "காலையில நீங்க தெருமுனை திரும்பினதும் அக்கா ஜன்னலைத் தட்டுவாங்க. 'பெரியவர் ஆபீஸ் போயாச்சு, சின்னவரே வாங்க'ம்பாங்க. இறங்கிப் போகும். நேரா உங்க நாற்காலிதான். சாயங்காலம் உங்க செருப்புச் சத்தம் படியில கேட்டதும் ஜன்னல் வழியா என்கிட்ட வந்துடும். ராத்திரி இங்க, பகல்ல அங்க. ஆஸ்பத்திரியில அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சின்னவரைப் பார்த்துக்க, அவர்கிட்ட சொல்லாதேன்னாங்க. நான் என்ன சார் பண்ண?"

"நாற்காலியில மயிர் ஒட்டியிருக்குமே. நான் பார்த்ததில்லையே."

"நாலு மணிக்கு ஈரத்துணியால துடைப்பாங்க. மாசாமாசம் சீப்பு போட்டு வாரி, கழுத்துல மருந்து விடுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால அக்கா வீட்டுல படுத்திருந்த மாசம் நான்தான் மருந்து போட மறந்துட்டேன். அதுலதான் பூச்சி ஏறிடுச்சு. நான் சீப்பு போட்டதுல எனக்குக் கிடைச்சது இது மட்டும்தான்" என்று கையிலிருந்த கீறலைக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் அவர் கையிலிருந்த படத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கேட்க வந்தது இன்னும் கேட்கப்படவில்லை. "எனக்குப் பயந்தா மறைச்சா?"

"பயமா? அக்காவுக்கா?" அவள் சற்று யோசித்தாள். "நானே கேட்டேன் சார். மூச்சு வாங்கும்னவரு இத்தனை வருஷமா மூச்சு வாங்காமத்தானே இருக்காரு, சொல்லிடுங்களேன்னேன். அதுக்கு அக்கா, 'சொன்னா வேண்டாம்னு சொல்லமாட்டாருடி. அவருக்கும் பிடிச்சுப்போயிடும். அப்புறம் எத்தனை மணிக்குத் தின்னுச்சு, எத்தனை கிராம் தின்னுச்சு, வால் எத்தனை அங்குலம்னு சுவத்துல அட்டவணை ஒட்டிடுவாரு. இந்த வீட்டுல அளக்காதது ஒண்ணு எனக்கு இருக்கட்டும்'னாங்க."

மடியில் அறுபத்திரண்டு கட்டமும் விரிந்து கிடந்தது. அதைச் சட்டென்று மடிக்கவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மருத்துவரிடம் திரும்பிப் போனார். "பூனை கிடைச்சிடுச்சு" என்றார். எடை எவ்வளவு என்று மருத்துவர் கேட்டார், எடைக்குத் தகுந்த மருந்துதான் கொடுக்கவேண்டுமாம். "வெச்சிருக்கிறவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். சலவைப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்ல, அவள் சலவை நிலையத்துத் தராசில் பூனையைக் கூடையோடு வைத்து நிறுத்துச் சொன்னாள். மருத்துவர் சிறிய குழலொன்றை எடுத்துக் கொடுத்தார். நாக்கு எட்டாத இடமாக, பிடரியில் மயிரை விலக்கித் தோலில் விடவேண்டும், நாய்க்கான மருந்தை மட்டும் தவறியும் பூனைக்குப் போட்டுவிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்றார்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா டாக்டர்? பேத்தி வருது."

"ஆகாது சார். பொய் சொல்லமாட்டேன். கூட்டுக்குள்ள இருக்கிறதை எந்த மருந்தும் தொடாது. அதுங்க வெளிய வந்தாத்தான் சாகும். மூணு வாரம் ஆகும். தினமும் தூசி உறிஞ்சுற மெஷின் போடுங்க, அந்தப் பையை வெளியில கொண்டுபோய்க் கட்டி எறியுங்க. வீடு முழுக்க நல்லா மிதிச்சு நடங்க. அப்புறம் முக்கியமா, மருந்து போட்ட பூனையை வீட்டுக்குள்ள விடுங்க."

"உள்ள விடறதா?"

"கூட்டுலேருந்து வர்ற தெள்ளு முதல்ல தேடறது பூனையைத்தான். அது மேல ஏறினா மருந்து பட்டுச் செத்துடும். பூனை வழக்கமா படுக்கிற இடத்துலயே படுக்கட்டும். அதைவிட நல்ல பொறி கிடையாது."

அன்று மாலை மகளிடம் பேசினார். சனிக்கிழமை வரவேண்டாம், அதிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை வா என்று சொன்னார். பூனை விஷயத்தையும் சொன்னார். எந்தப் பூனை என்றுகூட மகள் கேட்கவில்லை.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்பா. அம்மா ஃபோன்ல பாதி நேரம் அதைப் பத்தித்தான் பேசுவாங்க. தெள்ளுன்னு நீங்க சொன்னப்பவே புரிஞ்சுது. ஆனா அம்மா போய் நாலு மாசம்தான் ஆச்சு, அவங்க ரகசியத்தை எப்படிப்பா உடைக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்றார்.

வியாழக்கிழமை பூனைக்கு மருந்து போட்டாயிற்று. சலவைப் பெண் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இவர் பிடரி மயிரை விலக்கிக் குழலைப் பிதுக்கினார். விரலுக்கு அடியில் அந்தத் தோல் எவ்வளவு சூடாக இருந்தது என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பின்பக்க ஜன்னலைத் திறந்துவைத்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கூடத்தின் மூலையில் உட்கார்ந்து காத்திருந்தார். பூனை குழாயில் பாதி இறங்கும், அவரைப் பார்க்கும், ஏறிவிடும். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வரை இதே கதை.

"நீங்க இருந்தா எப்படி சார் வரும்?" என்றாள் சலவைப் பெண், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "ஆறு வருஷமா நீங்க போனாத்தானே அது வரும்."

ஆகவே மறுநாள் காலை அவர் முதலில் வீடு முழுவதும் மிதித்து நடந்து, மெஷின் போட்டார். எட்டரை மணிக்குச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, தோளில் பையை மாட்டி, செருப்புச் சத்தம் கேட்கும்படி படி இறங்கினார். தெருமுனை திரும்பியதும் நின்றார். போக இடமில்லை. பழைய அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில் ஏறி, அலுவலக வாசலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, நூலகத்தில் உட்கார்ந்தார். தெள்ளைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார். நூலகர் கொடுத்த பூச்சிகள் பற்றிய தடித்த புத்தகம் ஒரு வாரத்துக்கு வந்தது. மதியம் பூங்காவில் சாப்பிட்டார். நான்கு மணிக்குத் தெருவுக்குத் திரும்பி, படியில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஏறினார். கதவைத் திறந்தபோது பின்பக்க ஜன்னலில் ஒரு வால்நுனி மறைந்தது. நாற்காலியில் கையை வைத்தார். மெத்தை சூடாக இருந்தது.

மூன்று வாரம் ஒரு நாள் தவறாமல் அலுவலகம் போனார். முதல் வாரம் வெள்ளைக் காலுறையில் பன்னிரண்டு, பதினைந்து என்று வந்துகொண்டிருந்தது. இரண்டாவது வாரம் இரண்டு, மூன்று. பிறகு ஒரு நாள் ஒன்று, மறுநாள் எதுவும் இல்லை, அதற்கடுத்த நாள் திரும்பவும் ஒன்று. கடைசி நான்கு நாள் எதுவும் இல்லை. இவை எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. வாயால் மட்டும் சொல்லிக்கொண்டார். செத்த தெள்ளு ஒன்றைத் தேடிப்பிடித்து நூலகத்துக்குக் கொண்டுபோய், புத்தகத்திலிருந்த படத்தோடு ஒப்பிட்டு, ஓவியர் பின்னங்காலைக் குட்டையாகப் போட்டுவிட்டார் என்று நூலகரிடம் புகார் சொன்னதும் உண்டு.

மூன்றாவது சனிக்கிழமை மகள் பேருந்திலிருந்து இறங்கியபோது மணி மூன்றரை. நிறுத்தத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, கூட்டிட்டுப் போக வந்தீங்களா? வாங்க, வெயில்ல குழந்தை வாடுது."

"இங்க நிழல்தாம்மா. உக்காரு."

"வீடு அங்க இருக்கு, இங்க எதுக்கு உக்காரணும்?"

"உள்ள ஆள் தூங்குறாரு. நாலு மணிக்குத்தான் எந்திரிப்பாரு."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை அவர் மடிக்கு மாற்றினாள். அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். குழந்தை அவருடைய மூக்கைப் பிடித்தது.

"எத்தனை கிலோ?" என்றார்.

"அம்மா சொன்னதுல தப்பே இல்ல" என்றாள் மகள். சொல்லிவிட்டு, எத்தனை கிலோ என்பதையும் சொன்னாள்.